நொண்டியடிச்சுக் காட்டு தம்பி!

எங்கள் போடிநாயக்கனூர் பக்கம் கபடி மேட்ச் பார்க்க வந்தீர்களென்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆடுகிறவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் ஸ்கோர் எழுதுகிறவரைப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். ஒரு காலை மடக்காமல் நீட்டிப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பார். ''அண்ணே, நீங்க ஆடலையா?'' என்று கேட்டால், ''முட்டியில ஜவ்வு போயிருச்சுப்பா'' என்பார்... ஏதோ ஒன்பதரை மணி தேனி பஸ் போயிருச்சு என்கிற மாதிரி!

கபடி டீமில் இவர் ஸ்கோரர். வாலிபால் டீமில் அம்பயர். கிரிக்கெட் டீம் என்றால் மைக்கைப் பிடித்து கமென்ட்ரி. நம் ஊர் விளையாட்டுலகமே இப்படி முட்டி போனவர்களின் சேவையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

இவர்கள் நோட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் கோட்டுக்குள் இறங்க முடியுமா? முடியும். ஆபரேஷன் செய்தாலே போதுமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

முதலில் என்ன கிழிகிறது என்று பார்த்துவிடலாம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஜவ்வுகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. முன்னால் இருப்பதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் ஏ.சி.எல். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர். கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமலும், உடம்பு திரும்பும்போது முட்டி சுழன்றுவிடாமலும் பிடித்துக்கொள்வது இந்தத் துக்கடாதான். ஓடி வந்து சட்டென்று நின்று திரும்புகிறீர்கள்... பாதம் தரையில் ஊன்றி நிற்கிறது, உடம்பு மட்டும் திரும்புகிறது... 'டப்'! பக்கத்தில் நிற்பவருக்கே சில சமயம் கேட்கும். பெரும்பாலும் எதிராளி இடித்து இது நடப்பதில்லை. யாரும் தொடாமலேயே நடந்துவிடும். அதனால் யார் மேலும் கேஸ் போட முடியாது.

எக்ஸ்ரே எடுத்தால் எலும்பெல்லாம் ஜோராக இருக்கும். ஜவ்வு அதில் தெரியாது. அனுபவமுள்ள டாக்டர் முட்டியைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இதில் பெரிய மோசடி என்னவென்றால், இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். நடக்கலாம், பஸ் ஏறலாம், ஆபீஸ் மாடிப்படி ஏறலாம். 'எல்லாம் சரியாப் போச்சு' என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் கோர்ட்டில் ஒரு திரும்பு திரும்பினால், கால் அப்படியே மடங்கிக் கீழே உட்கார வைக்கும்.

எனக்கு இதெல்லாம் சொந்தக் காலாலேயே தெரியும். வாலிபாலில் ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும்போது இடது முட்டியில் கேட்ட அந்த 'டப்' இன்னமும் காதில் இருக்கிறது. ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்காகிறது. ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதிவிட்டுச் சாயங்காலம் இப்போதும் வலைக்கு முன்னால் நிற்கிறேன். அந்த ஒரே தகுதியால், ஊரில் யாருக்கு முட்டி போனாலும் முதலில் என்னைத்தான் தேடி வருகிறார்கள். டாக்டரிடம் அப்புறம்தான்!

அப்படி வந்தவன்தான் எங்கள் தெருவின் ரெய்டர் தம்பி. வயது 21. போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போக வேண்டும் என்று கபடியே கதியாகக் கிடந்தவன். அவன் அம்மா விடிவதற்கு முன்னாலேயே ஜீப் ஏறி, முந்தல் செக்போஸ்ட் தாண்டி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். வலது முட்டியில் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. ''வேலை போச்சாண்ணே?'' என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. வலியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

ஏ.சி.எல். கிழிந்தவர்கள் அத்தனை பேரும் கத்தி வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2010-ல் வெளியானது. ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டியும் கிட்டத்தட்ட சமம்! பயிற்சி கோஷ்டியில் 59 பேர். அதில் 23 பேர்தான் அந்த இரண்டு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். நாற்காலி உத்தியோகம், நடைப்பயிற்சி, சைக்கிள் என்று இருப்பவர்கள் டாக்டரிடம் இதைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கபடி, கால்பந்து மாதிரி வெட்டி வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்கே போக வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி.

இந்த ஆபரேஷனுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேயோ ராப்சன் என்ற சர்ஜன் 1895-ல் அறுந்த முட்டி ஜவ்வுகளைத் தைத்தார். ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒலிம்பிக் வீரர் இல்லை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனுஷன் எழுந்து மறுபடி சுரங்கத்துக்கே வேலைக்குப் போய்விட்டார். வெறும் தையல் நெடுநாள் நிற்பதில்லை என்று பிறகு தெரிந்தது. 1917-ல் ஹே குரோவ்ஸ் என்பவர் தொடையின் பக்கவாட்டிலிருந்து ஒரு பட்டையை உரித்துப் புது ஜவ்வாக மாட்டினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். பின்தொடையிலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நம்முடைய தசைநாரையே எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோர்த்து, திருகாணி வைத்து முடுக்குகிறார்கள். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வதால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. இனிமேல்தான் சார் கதையே!

மாட்டிய அந்தத் தசைநார் முதலில் உயிரில்லாத கயிறு. ரத்த ஓட்டத்தை அறுத்துத்தானே எடுத்தார்கள்? உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ரத்தக்குழாய் விட்டு, பழைய இழையைக் கரைத்து, புது இழை பின்னி, அதை ஜவ்வாக மாற்ற வேண்டும். மாட்டிய அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கயிறு ரொம்ப பலவீனமாக இருக்கும். அதே நேரத்தில்தான் வலியெல்லாம் போய், 'அடடா, குணமாயிட்டோம்' என்று பையன் விசில் அடிப்பான். உள்ளே நடப்பதற்கும் வெளியே தெரிவதற்கும் சம்பந்தமே கிடையாது. அது முழு ஜவ்வாகத் தேற ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகும். ஏலக்கன்று நட்டுவிட்டுக் காய் பார்க்க இரண்டு மூன்று வருஷம் பொறுக்கிற ஊர் இது. ஆனாலும் முட்டி என்றால் மட்டும் நாலு மாசத்தில் மகசூல் கேட்கிறார்கள்!

தேனியில் பிசியோதெரபி. தம்பிக்கு முதல் வேலை ஓட்டமும் இல்லை, எடை தூக்கவும் இல்லை. முட்டியை முழுசாக நீட்டுவது! குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தொடும்வரை அழுத்த வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். செய்கிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இதைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் சாய்ந்த நடைதான். அடுத்து, தொடை. டெய்லர் கடை இன்ச் டேப்பை வைத்து பிசியோ அளந்தபோது இரண்டு தொடைக்கும் நடுவே 3 சென்டிமீட்டர் வித்தியாசம். ''எந்தம் பேண்ட்டே ஒரு பக்கம் லூசா இருக்குண்ணே'' என்றான் தம்பி. முன்தொடைத் தசை அவ்வளவு வேகமாகக் கரையும்.

அவன் அம்மா ஒருநாள் சொன்னது எனக்கு இன்னும் ஆச்சரியம். ''ஏறும்போது மூச்சுதாம்ப்பா போகும். இறங்கும்போது முட்டியே போகும். இவனை இறங்கப் பழக்குங்க'' என்றார். ஏலச்செடி அடிவாரத்தில் காய்க்கிற ஜாதி. நாள் முழுக்கச் சரிவில் குந்தியும் குனியும் காய் எடுத்து, சாயங்காலம் இறங்கி வருகிறவர் சொல்கிறார். பிசியோவிடம் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி பிரேக் போட வேண்டும். குதித்து இறங்கும்போதும், ஓடி வந்து நிற்கும்போதும் அதே வேலைதான் என்று விளக்கினார். எனவே ஒரு திட்டம். முதலில் குரங்கணி ரோட்டில் ஏற்றம் மட்டும். கீழே வர ஜீப். ஐந்தாவது மாதத்துக்கு மேல் இறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஏறி முடித்துவிட்டு ஜீப்பில் ஜம்மென்று இறங்குகிறவனைப் பார்த்து, 'யாருப்பா இந்த மகாராஜா?' என்று தோட்டத்து ஆட்கள் கேட்டார்கள்.

ஆறாவது மாதம் பொங்கல் வந்தது. கூடவே டீம் கேப்டனும் வந்தார்.

''அண்ணே, பயலை இறக்கி விடுங்க. செமிஃபைனல் மட்டும் போதும்.''

''இன்னும் மூணு மாசம் இருக்குப்பா.''

''நல்லா ஓடுறானே! ஜடேஜா மட்டும் வரலியா? நாலரை மாசத்துல வந்து நம்ம சேப்பாக்கத்துலயே ஏழு விக்கெட் எடுக்கலியா?''

கேப்டன் சொன்னது பொய் இல்லை. ரவீந்திர ஜடேஜாவுக்கு 2022 செப்டம்பரில் வலது முட்டியில் ஆபரேஷன். 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி மேட்சில் சௌராஷ்டிராவுக்கு கேப்டனாக இறங்கி, இரண்டாவது இன்னிங்ஸில் 53 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்தார். (மேட்சை ஜெயித்தது என்னவோ நாம்தான்!) ஆனால் முட்டி ஆபரேஷன் எல்லாமே ஒரே ஆபரேஷன் இல்லை. என்ன கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது என்பதற்கு ஏற்ப நாள் கணக்கு மாறும். அதோடு, ஜடேஜா பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் அதையே முழு நேர வேலையாகப் பார்த்தவர். நம் தம்பி தேனி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பிசியோவுக்குப் போய் வருகிறவன்.

நான் கேப்டனுக்கு ரிஷப் பந்த்தைக் காட்டினேன். 2022 டிசம்பர் 30 விடியற்காலை, ரூர்க்கி பக்கத்தில் கார் விபத்து. வலது முட்டியே இடம் பெயர்ந்துவிட்டது. 2023 ஜனவரியில் மும்பையில் ஜவ்வு ஆபரேஷன். விக்கெட் கீப்பர் வேறு; நாள் பூரா உட்கார்ந்து எழ வேண்டிய உத்தியோகம். திரும்ப மேட்ச் ஆடியது 2024 மார்ச் 23-ல், அதுவும் 20 ஓவர் ஐ.பி.எல். டெஸ்ட் மேட்சுக்கு 2024 செப்டம்பர் வரை பொறுத்தார். அதே சேப்பாக்கம், பங்களாதேஷுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் 109 ரன்! இடைவெளி ஏறக்குறைய 21 மாதம்.

நமக்கு இதெல்லாம் சினிமாவால் வந்த வினை. ஹீரோவுக்குக் கால் உடைந்தால் ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் மலை உச்சியில் நின்று கையைத் தூக்குவார். எங்கள் ஊர் ரயிலைப் பாருங்கள். மீட்டர் கேஜ் பாதையை மாற்ற 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் திரும்ப போடிக்கு வந்தது. ரயிலுக்குப் பன்னிரண்டரை வருஷம் காத்திருந்த ஜனங்கள் ஒரு முட்டிக்கு ஒன்பது மாசம் காத்திருக்கக் கூடாதா?

ஒன்பது மாதம் என்பது ஜோசியக் கணக்கு அல்ல. ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரை நார்வேக்காரர்கள் இரண்டு வருஷம் பின்தொடர்ந்து 2016-ல் எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாவது மாதம் வரைக்கும், ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவிகிதம் குறைந்தது. பலப் பரீட்சையில் தேறியபின் ஆடப் போனவர்களில் 5.6 சதவிகிதம் பேருக்குத்தான் மறுபடி அடி. தேறாமலே போனவர்களில் 38.2 சதவிகிதம்! அதிலும் 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்தான் டேஞ்சர் பேர்வழிகள். ஆட்டத்துக்குத் திரும்புகிற இந்த வயசுக்காரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதே முட்டியிலோ, நன்றாக இருந்த மறு முட்டியிலோ ஏ.சி.எல். திரும்பக் கிழிகிறது.

அந்தப் பரீட்சை என்ன தெரியுமா? ஏதோ வெளிநாட்டு மெஷின் என்று பயந்துவிடாதீர்கள். தசை பலத்தை அளக்க மெஷினும் உண்டுதான். ஆனால் முக்கியமான ஐட்டம், சின்ன வயசில் தெருவில் கோடு போட்டு ஆடினோமே... அதே நொண்டி! நல்ல காலில் நொண்டியடித்து எவ்வளவு தூரம் தாண்டுகிறாய், ஆபரேஷன் காலில் எவ்வளவு தூரம்? 90 சதவிகிதமாவது வர வேண்டும். பொங்கல் வாரம் கேப்டன் முன்னாலேயே தம்பியை நொண்டியடிக்க வைத்தார் பிசியோ. நல்ல கால் 180 சென்டிமீட்டர். ஆபரேஷன் கால் 140. கணக்குப்பிள்ளை நான் பக்கத்திலேயே நின்றேன்: 78 சதவிகிதம். கேப்டன் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த நொண்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாசக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் நல்ல காலும் சோப்ளாங்கி ஆகிவிடும். இரண்டு காலும் சமமாகச் சோப்ளாங்கியாக இருந்தால் கணக்குப்படி நூற்றுக்கு நூறு! அதனால் நல்ல பிசியோ விகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. தாண்டிய தூரத்தையும், இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்பதையும் பார்ப்பார்.

காலை அளக்க டேப் இருக்கிறது. மனசை? 2014-ல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவிகிதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவிகிதம்தான். மற்றவர்களெல்லாம் முட்டி சரியாகாதவர்கள் என்று நினைக்காதீர்கள். கணிசமான பேருக்கு முட்டி சரி, பயம்தான் பாக்கி. இந்தப் பயத்தை எடைபோட டாக்டர்கள் 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளே வைத்திருக்கிறார்கள். ராத்திரி படுத்தால் அந்த 'டப்' சத்தம் கேட்கும். ஆபரேஷன் ஆன காலில் இறங்கக் கூடாது என்று உடம்பு தானாகவே கணக்குப் போடும். தம்பியும் எட்டாவது மாதப் பயிற்சியில் வலது காலை ஊன்றித் திரும்பவே மாட்டான். சுற்றி வளைத்து இடது காலில்தான் திரும்புவான். பார்க்கிற எனக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வினேஷ் போகத்தை அவனுக்கு அடிக்கடி சொல்வேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி திரும்பி ஸ்ட்ரெச்சரில் போனவர். 2018 ஆசிய விளையாட்டில் தங்கம். 2023 ஆகஸ்ட்டில் மறுபடி முட்டி ஆபரேஷன். ஒரு வருஷத்துக்குள் பாரிஸ் ஒலிம்பிக்கில், சர்வதேச மேட்சில் தோற்றே அறியாத ஜப்பானின் யுய் சுசாகியைச் சாய்த்தார். பிறகு 100 கிராம் எடையில் ஃபைனல் பறிபோனதே, அந்த வயிற்றெரிச்சல் தனிக் கதை. 1994 உலகக் கோப்பை ஃபைனலில் பெனால்டியை வானத்துக்கு அடித்தாரே ராபர்ட்டோ பாஜியோ, நினைவிருக்கிறதா? அவருக்கு 1985-ல், 18 வயசிலேயே முட்டி போனது. அப்போதுதான் அவரை வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஃபியோரென்டினா கிளப் கைவிடாமல் காத்திருந்தது. கைவிடாத கிளப் என்பது ஜவ்வைவிட அபூர்வமான வஸ்து!

இன்னொரு பக்கத்தையும் அவனுக்கு மறைக்கவில்லை. பேட்மின்டன் ராணி கரோலினா மரினுக்கு 2019-ல் வலது முட்டி, 2021-ல் இடது முட்டி. இரண்டிலிருந்தும் திரும்பி வந்தார். 2024 பாரிஸ் செமிஃபைனலில் முதல் கேமை ஜெயித்து, இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. அழுதுகொண்டே கோர்ட்டைவிட்டுப் போனார். அவரிடம் பயிற்சி குறைவு என்றோ அவசரப்பட்டார் என்றோ யார் சொல்ல முடியும்? எல்லாம் சரியாகச் செய்தும் நடக்கலாம். ''அப்ப எதுக்குண்ணே இவ்வளவு கஷ்டப்படணும்?'' என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். ''5.6-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தாண்டா'' என்றேன். கடைசியில் கணக்குப்பிள்ளை புத்தி!

பத்தாவது மாதம் மறுபடி நொண்டி. நல்ல கால் 190, ஆபரேஷன் கால் 176. கிட்டத்தட்ட 93 சதவிகிதம். பிசியோ நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பி அந்தப் பக்கத்தை செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் டீமோடு ஃப்ரெண்ட்லி மேட்ச். அம்மாவுக்கு அன்றைக்கும் தோட்டத்தில் காய் எடுப்பு. 'ஆடி முடிச்சதும் போன் பண்ணு' என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறியிருந்தார்.

முதல் ரெய்டு. உள்ளே போனான், குறுக்குக் கோட்டைத் தாண்டினான், மூலையில் நின்ற ஆளைப் பார்த்து ஒரு கை வீசினான், வலது காலை ஊன்றித் திரும்பினான், வெறுங்கையோடு நடுக்கோட்டுக்கு வந்தான். ஒரு பாயிண்ட்கூட இல்லை. கேப்டன் கைதட்டினார். எதிர் டீம்காரர்கள் எதற்கு இந்தக் கைதட்டல் என்று புரியாமல் பார்த்தார்கள். இரண்டாவது ரெய்டில் மூன்று பேர் அவனை அமுக்கிவிட்டார்கள். மண்ணைத் தட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

''என்னடா?''

''கணுக்கால்ல பிடிச்சுட்டாங்கண்ணே. அந்த மூலைக்காரன் கை ரொம்ப நீளம்'' என்றான்.

முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. யார் அவுட்டாகித் தன்னை உள்ளே கூப்பிடுவார்கள் என்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.